கைதட்டினால் இறங்கும் புறாக்கள்

எனக்கு முன்பல் இரண்டு இல்லை. கபடியில் போனது என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மையில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறும்போது பக்கத்தில் ஜாங்கிரித் தட்டு போனது. நான் தட்டைப் பார்த்தபடியே நடந்தேன். சுவர் என்னைப் பார்த்தபடியே நின்றது. அவ்வளவுதான்.

பல்லுக்கும் புறாவுக்கும் சம்பந்தம் உண்டு. புறா வளர்க்கிறவனுக்கு விசில் வேண்டும். வானத்தில் சுற்றுகிற புறாவை விசிலடித்துத்தான் இறக்குவார்கள். நான் விசிலடித்தால் காற்றும் எச்சிலும் வருமே தவிர சத்தம் வராது. சிலர் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவார்கள். அதையும் செய்து பார்த்தேன். கீழ்வீட்டு ஓனரம்மா மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். இப்போது அதில் கடுகு போட்டு வைத்திருக்கிறார். மிச்சம் இருந்தது என் இரண்டு கைகள். தட்டினேன். எல்லா வம்பும் அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

ராஜபாளையத்தில் ஒரு மைக் செட் கடையில் வேலை எனக்கு. ஸ்பீக்கர் கட்டுவது, வயர் இழுப்பது, நாற்காலி அடுக்குவது, 'ஹலோ மைக் டெஸ்டிங்' சொல்வது. படிப்பு ஐந்தாவதோடு சரி. ஐந்தாவதில் வாத்தியாருக்கும் எனக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. நான் வரமாட்டேன், அவர் தேடமாட்டார். இரண்டு பேருமே வாக்குத் தவறவில்லை.

குடியிருப்பது ஓனரம்மா வீட்டு மாடியில், ஒரே அறை. மனைவி அந்த அறையிலேயே உட்கார்ந்து பேண்டேஜ் துணி மடிப்பார். தறியிலிருந்து மூட்டையாக வரும், மடித்துக் கட்டி அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டைப் பார்க்கிறவர்கள் யாருக்கோ பெரிய அடி என்று நினைத்துக்கொள்வார்கள். அறைக்கு வெளியே மொட்டைமாடி. அதில் ஒரு மூலையில் பழைய ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கிக் கம்பிவலை அடித்து வைத்தேன். அதுதான் புறாக்கூடு.

புறா ஆசை வந்தது ஒரு விழாவில். ஸ்ரீவில்லிபுத்தூரில் யாரோ பெரிய மனிதர் மேடையில் நின்று வெள்ளைப் புறாக்களைப் பறக்கவிட்டார். "அவ்வளவுதானா, போயே போச்சா?" என்று கொண்டுவந்தவரிடம் கேட்டேன்.

"போகுமா? வாடகைப் புறாய்யா. நான் பஸ் ஏறுததுக்குள்ள அது வீட்டுல போயி இரை தின்னுக்கிட்டு இருக்கும்" என்றார் அவர்.

எனக்குத் தலை சுற்றியது. வாடகைக்கு விட்ட சாமான் தானாக வீடு திரும்புகிற தொழில்! ஒவ்வொரு விழா முடிந்ததும் நாற்காலிகளை நாய் இழுத்துப்போன செருப்பு மாதிரித் தேடித் தேடிப் பொறுக்குகிறவன் நான். நாற்காலிக்கு இறக்கை இருந்தால் எங்கள் முதலாளி சந்தோஷத்தில் அழுதே விடுவார்.

தேவதானத்தில் ஒருவர் இறக்கை முளைத்தும் முளைக்காத வெள்ளைக் குஞ்சுகளாக அரை டஜன் கொடுத்தார். வந்த அன்றே வேர்க்கடலையை இரைத்துவிட்டுக் கைதட்டினேன். தின்றன, ஆனால் கைதட்டலைக் கண்டுகொள்ளவில்லை. பல நாள் இப்படியே போனது. மனைவிதான் சொன்னார்.

"தின்னு முடிச்ச பொறவு பந்திக்குக் கூப்பிட்டா எவன் திரும்பிப் பாப்பான்? முதல்ல கூப்பிடுங்க, பொறவு போடுங்க."

மாற்றினேன். முதலில் கைதட்டல், அடுத்த நொடி கடலை. கொஞ்ச நாளிலேயே, வானத்தில் எங்கே இருந்தாலும் என் கை இரண்டும் சேருகிற சத்தம் கேட்டால் கல் விழுவதுபோல இறங்கிவந்தன. சும்மா சொல்லக்கூடாது, நெஞ்சு நிறைந்துவிட்டது. நான் கூப்பிட்டால் ஆட்டோ நிற்காது. நான் கூப்பிட்டால் டீக்கடைக்காரர் திரும்பமாட்டார். மனைவியைக் கூப்பிட்டால் "இருக்கேன், சொல்லுங்க" என்று குரல் மட்டும் வரும். நான் கூப்பிட்டு ஓடி வருகிற ஜீவன்கள் உலகத்தில் இந்த ஆறுதான்.

அதில் ஒரு பெட்டைக்கு மட்டும் ஒரு பழக்கம். கைதட்டினதும் இறங்கும், இடதுபக்கமாக ஒரு சுற்று சுற்றும், பிறகுதான் கடலையைக் கொத்தும். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. முதலில் என்றைக்கோ அது திரும்பிய நேரத்தில் கடலை விழுந்திருக்கிறது. தான் சுற்றியதால்தான் கடலை விழுந்தது என்று முடிவு செய்துவிட்டது. மறுநாளும் சுற்றியது, மறுநாளும் விழுந்தது. பிறகு அதன் நம்பிக்கையை யார் அசைக்க முடியும்? நான் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆம்ப்ளிபயரைப் போடும்போது இடது கையால் மூன்று தட்டுத் தட்டுவேன். ஒரு தடவை சத்தம் வராமல் அப்படித் தட்டியபோது வந்தது. உண்மையில் கரண்ட் போயிருந்தது, அந்த நேரத்தில் திரும்ப வந்தது. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் இன்றுவரை தட்டுகிறேன்.

கைதட்டுகிறவன் ஊரில் நான் ஒருவன் மட்டும் இல்லை என்பது மெதுவாகத்தான் புரிந்தது. ஓனரம்மா சாயந்திரமானால் முற்றத்தில் உட்கார்ந்து கொசு அடிப்பார். அவர் ஒரு கொசுவை அடித்தால் ஆறு புறா இறங்கும்.

"ஏப்பா! நான் கொசு அடிச்சா ஒன் புறாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லம்மா, ஒரு பாசம்."

"பாசமா? வத்தல் தட்டுல பேண்டு வச்சிருக்கு ஒன் பாசம். வந்து பாரு."

அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். எங்களோடு பேசும்போது தமிழ்தான். கோபம் உச்சிக்குப் போனால் மட்டும் தெலுங்குக்கு மாறுவார். "ஏமிரா இதி" என்று ஆரம்பித்தால் நான் செருப்பைத் தேடுவேன்.

முதல் வாடகை ஒரு ஜவுளிக்கடைத் திறப்புவிழா. எங்கள் மைக் செட்டோடு புறாவும் போனது. சிறப்பு விருந்தினர் ரிப்பனை வெட்டினார், கூடையைத் திறந்தார். ஆறும் வெள்ளை வெளேரென்று மேலே போனது. என்ன அழகு! கூட்டம் முழுக்கக் கைதட்டியது.

ஆறும் ஒரே கயிற்றில் கட்டி இழுத்தது மாதிரித் திரும்பின.

இரண்டு அவர் தோள் மேல். ஒன்று சந்தனக் கிண்ணத்தில். மூன்று கற்கண்டுத் தட்டில். சுற்றுகிற பெட்டை அவருடைய பட்டுச் சால்வையில் ஒரு சுற்று சுற்றி, செய்ய வேண்டியதைச் செய்தது. பறவையை விரட்ட மனிதன் என்ன செய்வான்? கைதட்டுவான். கடைக்காரர் தட்டினார், விருந்தினர் தட்டினார், வந்தவர்கள் எல்லாம் "ச்சூ ச்சூ" என்று தட்டினார்கள். தட்டத் தட்ட அவை இன்னும் நெருக்கமாக ஒட்டிக்கொண்டன. நான் மைக்கில் "தயவுசெஞ்சு யாரும் கைதட்டாதீங்க" என்று கத்தினேன். ஏதோ அறிவிப்பு என்று நினைத்து அதற்கும் தட்டினார்கள்.

செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டது. ஓனரம்மா வாசலிலேயே நின்றார்.

"பெட்டியை எடுத்துரு. இனிமே என் மாடியில புறா கிடையாது. ஏமிரா இதி, ஊரெல்லாம் சிரிக்குது!"

"அம்மா, இது ஒரு சின்னத் தப்பு..."

"சால்வையைப் பாத்தவிய சொன்னாக, சின்னதா பெருசான்னு."

அவரை மறுத்துப் பேச எனக்கு வாய் கிடையாது. இருந்த வாயிலும் இரண்டு பல் இல்லை. பெட்டியைப் பிரிக்க ஆணியைப் பிடுங்க ஆரம்பித்தேன். அந்த நேரத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து ஒரு பி.டி. வாத்தியார் வந்தார். ஓனரம்மா சின்ன வயதில் படித்த பள்ளிக்கூடம் அது. போன வருஷம் ஓனரம்மாதான் அதன் மைதானத்துக்குக் குடிதண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்திருந்தார். விளையாட்டு விழாவுக்கு அவரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். புறா பறக்கவிட்டு விழாவைத் தொடங்கி வைக்க வேண்டும்.

"புறாவுக்கு எங்க போறதுன்னு யோசிச்சோம். உங்க மாடியிலயே இருக்காமே?" என்றார் பி.டி. சார்.

ஓனரம்மா என்னைப் பார்த்தார். என் கையில் பிடுங்கிய ஆணி. அவர் முகத்தில் இரண்டு ஆசையும் சண்டை போட்டது. மேடையில் நின்று, தான் படித்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்க்க, வெள்ளைப் புறாவைப் பறக்கவிடும் ஆசை ஒன்று. என்னைத் துரத்தும் ஆசை ஒன்று. பி.டி. சார் போனதும் சொன்னார்.

"இங்க பாரு. நல்லபடியாப் பறந்துச்சுன்னா பெட்டி இருக்கட்டும். அத்தனை பிள்ளைக முன்னாடி என் தலையில வந்து உக்காந்துச்சு, அன்னைக்கே பெட்டி தெருவுல கிடக்கும். சொல்லிட்டேன்."

"தலையிலயா? ஒங்க நிழல்ல கூட உக்காராதும்மா."

சொல்லிவிட்டு மாடி ஏறினேன். பள்ளிக்கூடத்தில் கைதட்டாமல் இருப்பார்களா? அந்த வயதுப் பிள்ளைகள் பெஞ்சு விழுந்தாலே கைதட்டும்.

அதனால் புறாக்களுக்குக் கைதட்டலை மறக்கடிப்பது என்று முடிவு செய்தேன். கைதட்டுவேன், கடலை போடமாட்டேன். இரண்டு நாளில் வெறுத்துப் போய்விடும் என்று நினைத்தேன். வெறுக்கவில்லை. போடாத கடலைக்கு முன்னைவிட அதிகமாக முயற்சி எடுத்தன. காலைக் கொத்தின. தோளில் ஏறிக் காதைக் கொத்தின. சுற்றுகிற பெட்டை ஒரு சுற்று போதாதோ என்று பம்பரமாகச் சுற்றியது. காதில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். வீட்டில்தான் மூட்டை மூட்டையாகத் துணி இருக்கிறதே.

ஆனாலும் விடவில்லை. மெதுவாகக் குறைந்தது. ஆறு வந்த இடத்தில் நான்கு வந்தது, பிறகு இரண்டு, பிறகு ஒன்று மட்டும் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனது. ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷமாக வேலைக்குப் போனேன். அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்தால், நான் காலையில் கைதட்டிவிட்டுப் போன பின்னால் மனைவி ஒரு கை கடலையை அள்ளிப் போட்டிருக்கிறார்.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணியிருக்க!"

"அந்த ஒத்தைப் புறா மூஞ்சியைப் பாத்தீங்களா? ஒங்களைக் கல்யாணம் பண்ணுன அன்னைக்கு எங்க அம்மா முகம் இருந்த மாதிரியே இருந்துச்சு. ஒரே ஒரு தடவைதான போட்டேன்!"

அந்த ஒரே ஒரு தடவைதான் என் குடியைக் கெடுத்தது. மறுநாள் ஆறும் வந்தன. அதற்குப் பிறகு எத்தனை நாள் போடாமல் இருந்தாலும் சலிக்கவில்லை. என்றைக்காவது போடுவான் என்று அவற்றுக்குத் தெரிந்துபோயிற்று. எனக்கு முதலில் இது விளங்கவில்லை. பிறகு என் பழைய மொபெட்டை நினைத்தேன். அது எப்போதுமே ஸ்டார்ட் ஆகாமல் இருந்திருந்தால் என்றைக்கோ பழைய இரும்புக்குப் போட்டிருப்பேன். எப்போதாவது ஒருநாள் முதல் உதையிலேயே கிளம்பிவிடும். அந்த ஒருநாளை நினைத்துத்தான் மற்ற நாளெல்லாம் வேர்த்து விறுவிறுத்து உதைத்துக்கொண்டிருக்கிறேன். புறா என்னைவிட எந்த விதத்தில் முட்டாள்?

காதில் இரண்டாவது பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மனைவி துணியை மடித்தபடியே கேட்டார்.

"வராதே வராதேன்னு சொல்லிக்குடுக்கீங்க. அதுக்கு எப்படிப் புரியும்? கைதட்டுனா வீட்டுக்குப் போன்னு சொல்லிக்குடுங்களேன்."

நான் அவரைப் பார்த்தேன். இந்தப் பெண் இவ்வளவு புத்தியோடு என்னை ஏன் கட்டினார் என்ற கேள்வி எனக்கு அடிக்கடி வரும். அன்று கொஞ்சம் பலமாக வந்தது.

மறுநாளிலிருந்து புதுப் பாடம். கைதட்டுவேன், கடலை என் கையில் இருக்காது. கூட்டுக்குள் போனால்தான் கிடைக்கும். முதலில் மொட்டைமாடியின் இந்த மூலையில் நின்று தட்டினேன். என் மேல் ஏறிப் பார்த்தன, ஒன்றும் இல்லை. தற்செயலாக ஒன்று கூட்டுக்குள் போனது. மனைவி உடனே கடலையைப் போட்டார். அதைப் பார்த்து இன்னொன்று போனது. மாடியில் பழகியதும் படிக்கட்டிலிருந்து தட்டினேன், பிறகு தெருமுனையிலிருந்து, பிறகு கூடையில் வைத்து மொபெட்டில் கொண்டுபோய்க் கண்மாய்க் கரையிலிருந்து. கூடையைத் திறப்பேன், கைதட்டுவேன், பறந்ததும் மனைவிக்கு மிஸ்டு கால் கொடுப்பேன். அவர் கடலையோடு கூட்டருகே நிற்பார். வந்து சேர்ந்ததும் அவர் எனக்கு மிஸ்டு கால் கொடுப்பார். அந்த மிஸ்டு கால் வந்தால் எனக்கு வருகிற சந்தோஷம் இருக்கிறதே, சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு மறுபடி கூடையைத் தூக்கத் தோன்றும். யார் யாருக்குப் பாடம் எடுத்தது என்று இன்னும் எனக்குச் சந்தேகம் உண்டு.

நடுவில் ஒரு குளறுபடி. மனைவி ஒருநாள் அடுப்பில் பால் பொங்குகிறது என்று தாமதமாகப் போனார். அதற்குள் ஒரு புறா கோபத்தில் ஜன்னல் கம்பியைக் கொத்திக்கொண்டிருந்திருக்கிறது. அந்த நேரத்தில் கடலை கிடைத்துவிட்டது. மறுநாளிலிருந்து அது எங்கள் ஜன்னலைத் தட்டியது. எங்கள் ஜன்னல் பதில் சொல்லாவிட்டால் ஓனரம்மா ஜன்னலைத் தட்டியது. "யாரு, யாரு?" என்று அவர் கதவைத் திறந்து பார்ப்பார். தெருவில் யாரும் இருக்கமாட்டார்கள். அது எங்கள் புறாவின் வேலை என்று நாங்கள் சொல்லவே இல்லை. மனைவி பாலை இறக்கி வைத்துவிட்டுக் கூட்டருகே காத்திருக்க ஆரம்பித்த பிறகுதான் அது அடங்கியது.

இன்னொன்றும் நடந்தது, அதை நான் பெருமையாக நினைத்தேன். கூடையைத் திறந்ததும் நான் தட்டுவதற்கு முன்னாலேயே கிளம்பிப்போன புறாவுக்கு வீட்டில் கடலை இல்லை. மிஸ்டு கால் போகவில்லையே, மனைவிக்கு எப்படித் தெரியும்? அதனால் அவசரக்குடுக்கைகளும் பொறுமையைக் கற்றுக்கொண்டன. கூடையைத் திறந்தால் ஆறும் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து என் கைகளையே பார்க்கும். தட்டினால்தான் போகும். கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் கோயில் வரை கொண்டுபோய் அங்கிருந்து தட்டிப் பார்த்தேன். கோயிலுக்கு வந்த நாலு பேரையும் சேர்ந்து தட்டச் சொன்னேன். ஒன்றுகூட இறங்கவில்லை. நேராக ராஜபாளையம். மிஸ்டு கால் வந்தது.

"இனிமே ஊரே கைதட்டட்டும்மா. ஒங்க கையிலிருந்து போனா வீட்டுலதான் இறங்கும்" என்று ஓனரம்மாவிடம் சொன்னேன்.

"பாப்போம்" என்றார். ஆனால் புதுப் பட்டுப்புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தார் என்று மனைவி சொன்னார்.

விழா அன்று எங்கள் மைக் செட்தான். மேடைக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிபயர் முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். மைதானம் முழுக்கப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஓனரம்மா அரக்குப் பட்டில், தலை நிறையப் பூவோடு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவரை இவ்வளவு நாளில் இப்படிப் பார்த்ததில்லை. பரீட்சை எழுத வந்த பிள்ளை மாதிரி இருந்தார். எனக்கே அவருக்காகப் பயமாக இருந்தது.

தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்தார். "ஒரு வருத்தமான செய்தி. நமது பள்ளியின் முன்னாள் தலைமையாசிரியர், நாம் எல்லோரும் 'பெரிய சார்' என்று அழைத்தவர், நேற்று காலமாகிவிட்டார். விழாவை எளிமையாக நடத்துகிறோம். யாரும் கைதட்ட வேண்டாம். சிறப்பு விருந்தினர் அவர் நினைவாகப் புறாக்களைப் பறக்கவிடும்போது நாம் அனைவரும் மௌனமாக நின்று அஞ்சலி செலுத்துவோம்."

நான் கூடையைத் திரும்பிப் பார்த்தேன். கைதட்டினால் வரக்கூடாது என்று கற்றுக்கொடுத்தேன். கைதட்டாவிட்டால் போகவே போகாது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

ஓனரம்மா எழுந்தார். சுற்றுகிற பெட்டையை அவர் கையில் கொடுத்திருந்தேன், மற்ற ஐந்தும் மேஜையில் கூடைக்குள். பி.டி. சார் கூடையைத் திறந்தார். ஐந்தும் அழகாக விளிம்பில் ஏறி வரிசையாக உட்கார்ந்தன. ஓனரம்மா இரண்டு கையையும் உயர்த்தி விரித்தார். பெட்டை பறக்கவில்லை. அவர் விரலில் நின்றது. அவர் கையை மெதுவாக ஆட்டினார். மணிக்கட்டுக்கு வந்தது. இன்னொரு ஆட்டு ஆட்டினார். தோளுக்கு வந்தது. எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. அங்கிருந்து தலைக்கு ஏறியது.

பூவுக்கு நடுவில் நின்றுகொண்டு, கைதட்டல் எங்கே என்று மைதானத்தைப் பார்த்தது.

முழு மைதானமும் மௌனம். சிரிப்பை அடக்கிய பிள்ளைகளின் தோள் மட்டும் குலுங்கியது. ஓனரம்மா அசையவில்லை. கண் மட்டும் திரும்பி, மேடைக்குக் கீழே என்னைத் தேடிக் கண்டுபிடித்தது. அதில் தெலுங்கு தெரிந்தது. பெட்டி தெருவில் கிடப்பதும் தெரிந்தது.

பெரிய சாரை எனக்குத் தெரியாது. நல்லவராகத்தான் இருப்பார். மனதுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் குனிந்து, யாருக்கும் கேட்காத மாதிரி மெதுவாக ஒரே ஒரு தட்டுத் தட்டினேன். கம்பியில்லா மைக் என் மடியில் இருந்ததையும், அது ஆனில் இருந்ததையும் நான் யோசிக்கவில்லை.

நான்கு ஸ்பீக்கரிலும் வெடி வெடித்தது போல் கேட்டது. புறாக்கள் ஆறும் ஒரே நேரத்தில் எழும்பின. அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த பிள்ளைகளுக்கு அது போதும். மைதானமே கைதட்டியது, விசிலடித்தது. எனக்கு வராத விசில் எல்லாம் அங்கே இருந்தது. அந்தச் சத்தம் கேட்கக் கேட்கப் புறாக்கள் இன்னும் வேகமாகத் தெற்கே ராஜபாளையம் பக்கம் போயின.

தலைமையாசிரியர் முகம் சிவந்துவிட்டது. என் பக்கமாகத் திரும்பினார். அதற்குள் பி.டி. சார் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"நல்லாத் தட்டுங்கலே! பெரிய சாருக்கு மௌனம் புடிக்கவே புடிக்காது. மைதானத்துல சத்தம் இல்லைன்னா, 'என்னலே, சாவு வீடா இது'ன்னு வைவாரு. இன்னும் தட்டுங்க!"

சொல்லிவிட்டு அவரே முதலில் தட்டினார். தலைமையாசிரியரும் மெதுவாகக் கைதட்ட ஆரம்பித்தார். நானும் தட்டினேன். இந்தத் தடவை மைக்கை அணைத்துவிட்டு.

மிஸ்டு கால் வந்தது. ஆனால் அதற்குச் சந்தோஷப்படும் நிலையில் நான் இல்லை. ஓனரம்மாவைப் பள்ளிக்கூடத்துக் காரிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். நான் நாற்காலியெல்லாம் பொறுக்கி ஏற்றிவிட்டு, எவ்வளவு மெதுவாக வரமுடியுமோ அவ்வளவு மெதுவாக வந்தேன். மொபெட் அன்றைக்கென்று முதல் உதையிலேயே கிளம்பியது.

தெருவில் பெட்டி கிடக்கவில்லை. மாடி ஏறினேன். இத்தனை வருஷத்தில் முழங்கால் வலி என்று மாடிப்பக்கமே அதிகம் வராத ஓனரம்மா, பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் புறாக்கூட்டுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏப்பா, எது என் தலையில உக்காந்தது?"

வேறு ஒன்றைக் காட்டலாமா என்று யோசித்தேன். எல்லாமே வெள்ளைதான். ஆனால் பெட்டை அந்த நேரம் பார்த்து ஒரு சுற்று சுற்றியது.

"இதாம்மா."

"போகமாட்டேன்னுச்சு பாத்தியா?"

என்ன சொல்கிறார் என்று பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தேன்.

"அத்தனை பேரு முன்னாடி, எவ்வளவு ஆட்டியும் போகமாட்டேன்னுச்சு. டீச்சருக எல்லாரும் சொல்லுதாக, பறவைக்குத் தெரியும், நல்ல மனசு உள்ளவிய யாருன்னு. போட்டோவைப் பாரு." செல்லை நீட்டினார். தலையில் புறாவோடு, கையை விரித்து, சாமி படத்தில் இருக்கிற மாதிரி நின்றார். கண் என்னைத் தேடிய நேரம் படத்தில் விழவில்லை. "அந்தச் சத்தம் மட்டும் கேக்கலைன்னா இன்னும் செத்த நேரம் இருந்திருக்கும். எவன் அவன் தட்டுனது?"

அது பாசம் இல்லை, பழக்கம் என்று விளக்க வாயைத் திறந்தேன். மனைவி என் காலை மிதித்தார். வாயை மூடினேன்.

"பெட்டி இருக்கட்டும்" என்றார் ஓனரம்மா. "வலை துருப்பிடிச்சிருக்கு, புதுசு மாத்து."

அன்றிரவே மனைவி, "நெனச்சது கிடைச்சிருச்சுல்ல, இனி நிம்மதியாத் தூங்குங்க" என்றார். தூங்கினேன். காலையில் எழுந்தால் ஓனரம்மா மாடியில் இருந்தார். கையில் முந்திரிப்பருப்பு.

"அம்மா, காலையில இரை கொஞ்சம் அளவா..."

"பாவம்ப்பா, எம்புட்டுத் தூரம் பறந்து வந்துச்சு."

மத்தியானமும் வந்தார், சாயந்திரமும் வந்தார். புறாக்கள் பறந்தாலும் முந்திரி, நின்றாலும் முந்திரி, தூங்கினாலும் எழுப்பி முந்திரி. என் கைதட்டலுக்கும் கடலைக்கும் இருந்த உறவெல்லாம் ஒரு மாதத்தில் அறுந்துபோனது. அவருடைய முழங்கால் படியேறும்போது 'டக் டக்' என்று ஒரு சத்தம் போடும். ஆறும் இப்போது அந்தச் சத்தத்துக்குத்தான் கழுத்தை நீட்டுகின்றன. உடம்பு கோழி மாதிரி ஆகிவிட்டது. ஒரு கல்யாணத்துக்கு வாடகைக்குக் கொண்டுபோனேன். கூடையைத் திறந்து, தட்டினேன். ஆறும் கூடையிலிருந்து இறங்கி, மேடைப் படி வழியாக நடந்து, பந்திக்குள் போய்விட்டன. பிடித்துக் கூடையில் போட்டு மொபெட்டில் நானே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நாற்காலிக்கும் புறாவுக்கும் இப்போது வித்தியாசம் இல்லை.

"தொழில் போச்சே ஏட்டி" என்றேன் மனைவியிடம்.

"பெட்டி மாடியில இருக்கணும்னுதான கேட்டீங்க? இருக்குல்ல?" என்றார் அவர், துணியிலிருந்து கண்ணெடுக்காமல்.

மனசு கேட்கவில்லை. நேற்று சாயந்திரம் மொட்டைமாடியில் தனியாக நின்று, பழைய மாதிரி, இரண்டு கையையும் சேர்த்துப் பலமாகத் தட்டிப் பார்த்தேன். கூட்டுக்குள் ஆறும் முந்திரியைக் கொத்திக்கொண்டிருந்தன. ஒன்றுகூடத் திரும்பவில்லை. கீழே முற்றத்திலிருந்து ஓனரம்மா குரல் மட்டும் வந்தது.

"யாருப்பா அது, பிள்ளைக சாப்பிடுத நேரத்துல சத்தம் போடுதது?"